மாத்திரையும் போடுறேன், தம்மும் அடிக்கிறேன்: வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

பெரியவங்களுக்கும் ஏடிஹெச்டி (கவனம் ஒரு இடத்துல நிக்காத கோளாறு) வரும், அதுக்கு மாத்திரை இருக்குன்னு போன இதழ்ல எழுதினதுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல நிறைய சிகரெட்டைப் பத்தித்தான். அதுல பாதிப் பேர் "இதை என் டாக்டர்கிட்ட கேக்க முடியல"ன்னு ஆரம்பிச்சிருக்காங்க. அதனால இந்தத் தடவை முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: வணக்கம் டாக்டர். வயசு 27, சோழிங்கநல்லூர்ல ஐடி வேலை. போன வருஷம் ஏடிஹெச்டின்னு சொல்லி மெத்தில்ஃபெனிடேட் எஸ்ஆர் (மெதுவா மருந்தை விடற வகை) 20 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தாங்க, காலையில ஒண்ணு போடுறேன், வேலையில நல்ல மாற்றம் தெரியுது, அதுல குறையே இல்ல. ஆனா மாத்திரைக்கு முன்னாடி நாளைக்கு நாலஞ்சு சிகரெட்டோட நிப்பேன், இப்ப சாயங்காலத்துக்குள்ள பாக்கெட் காலி. காலையில மாத்திரை, அப்புறம் ஆபீஸ் கீழ டீயும் தம்மும், பதினோரு மணிக்கெல்லாம் நெஞ்சு படபடன்னு அடிக்குது, ஏசில உக்காந்தா விரல் நுனி சில்லுன்னு வெளுத்துப் போகுது. சிகரெட் பழக்கத்தை டாக்டர்கிட்ட சொல்லல, சொன்னா மாத்திரையை நிறுத்திடுவாரோன்னு பயம். சனி ஞாயிறு மாத்திரை போடாம விட்டா சரியாயிடுமா? – பெயர் வேண்டாம், சென்னை

பதில்: தம்பி, பயத்தை மொதல்ல எடுத்துருவோம். சிகரெட் பிடிக்கிறேன்னு சொன்ன உடனே மாத்திரையைப் பிடுங்கிக்கிற டாக்டர் ரொம்பக் குறைவு. ஏடிஹெச்டி இருக்கறவங்க மத்தவங்களை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு அதிகமா சிகரெட் பிடிக்கிறாங்க, சின்ன வயசுலயே ஆரம்பிக்கிறாங்க, விடறதுக்கும் கூடுதலா கஷ்டப்படறாங்கன்னு இந்தத் துறையில இருக்கற எல்லாருக்கும் தெரியும். நிக்கோட்டின் கொஞ்ச நேரத்துக்குக் கவனத்தைக் கூட்டும், அதனால மாத்திரைன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாத காலத்துல நிறைய பேருக்கு சிகரெட்தான் மாத்திரையா இருந்திருக்கு. நீங்க சொன்னா உங்க டாக்டர் ஆச்சரியப்படவே மாட்டார். சொல்லாம விட்டாத்தான் சிக்கல், ஏன்னா படபடப்பு மாத்திரையாலதான்னு நினைச்சு டோஸைக் குறைப்பார், இல்லேன்னா பிபி ஏறியிருக்குன்னு உங்களுக்குத் தேவையே இல்லாத ஒரு பிபி மாத்திரையை ஆரம்பிச்சு வைப்பார்.

இப்ப உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம். மூளையில டோபமைன்னு ஒரு ரசாயனம், வேலை முடிஞ்சதும் அது திரும்ப உறிஞ்சப்படணும். மெத்தில்ஃபெனிடேட் அந்த உறிஞ்சலைத் தடுக்குது. நிக்கோட்டின் வேற வழியில வந்து புதுசா டோபமைனைச் சுரக்க வைக்குது. தண்ணித் தொட்டியோட வடிகாலை ஒருத்தர் அடைச்சுட்டாரு, இன்னொருத்தர் குழாயைத் திறந்து விட்டாரு, அவ்வளவுதான். அதனால மாத்திரை வேலை செய்யுற நேரத்துல அடிக்கிற தம் வழக்கத்தை விட இதமாத் தெரியும், இன்னொண்ணு கேக்கும். இது உங்க மனசோட பலவீனம் இல்ல, அமெரிக்காவுல 2005-ல ஆய்வுக்கூடத்துல வெச்சே பார்த்திருக்காங்க, மெத்தில்ஃபெனிடேட் கொடுத்தப்போ சிகரெட் பிடிக்கிறவங்க வழக்கத்தை விட அதிகமாப் பிடிச்சாங்க. அவங்க ஏடிஹெச்டி இல்லாதவங்க, 2011-ல ஏடிஹெச்டி இருக்கறவங்களை வெச்சுப் பார்த்தப்பவும் அதே கதைதான். உங்க பாக்கெட் சாயங்காலமே காலியாகறதுல அப்படி ஒண்ணும் மர்மம் இல்ல.

மூளை அப்படி, ஆனா நான் கவலைப்படறது இதயத்தையும் ரத்தக்குழாயையும் பத்தித்தான். மாத்திரை தனியா இருந்தா சராசரியா இதயத்துடிப்பை நிமிஷத்துக்கு 3-லேருந்து 6 வரை கூட்டும், பிபியை 2-லேருந்து 4 வரை ஏத்தும். ஆரோக்கியமான ஆளுக்கு இது பெரிய விஷயம் இல்ல, சில பேருக்கு மட்டும் இதை விட நிறைய ஏறும், அதுக்குத்தான் மாத்திரை ஆரம்பிக்கும்போதும் டோஸ் கூட்டும்போதும் பிபி பாக்குறது. இது மேல ஒரு சிகரெட் வந்து உக்காந்தா அது பங்குக்கு 10, 15 துடிப்பு கூட்டும், பிபியையும் 5, 10 ஏத்தும், அட்ரினலினைக் கிளப்பி விடும். டீயில இருக்கற கஃபீன் அதுக்கும் மேல. உங்க பதினோரு மணி படபடப்பு இந்த மூணோட கூட்டுத்தொகை. ஒரு நாள் நடந்தா போயிட்டுப் போகுது, தினமும் பத்துத் தடவைன்னு வருஷக்கணக்குல நடக்கும்போதுதான் கணக்கு மாறுது.

சிகரெட்ல நிக்கோட்டின் மட்டும் இல்லங்கறதையும் மறந்துடாதீங்க. புகையில வர்ற கார்பன் மோனாக்சைடு ரத்தத்துல ஆக்சிஜன் உக்கார வேண்டிய இடத்துல போய் உக்காந்துக்கும், ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல இறுக்கமா ஒட்டிக்கும். அதாவது இதயம் வேகமா ஓடுது, அதுக்குக் கூடுதல் ஆக்சிஜன் வேணும், அதே நேரத்துல வர்ற ஆக்சிஜன் குறையுது. கூடவே ரத்தத்தட்டுகள் (பிளேட்லெட்) ஒட்டும் தன்மையாகி ரத்தக்கட்டி உருவாக வசதி பண்ணிக் கொடுக்குது, ரத்தக்குழாய் சுருங்குது. விரல் வெளுக்கிறது இதோட சம்பந்தப்பட்டதா இருக்கலாம். மெத்தில்ஃபெனிடேட் மாதிரி மருந்துகளால விரல்ல ரத்த ஓட்டம் குறையலாம்னு மருந்துப் பெட்டிக்குள்ள வர்ற தாள்லயே எச்சரிக்கை போட்டிருக்கும், ரேனோன்னு பேரு, வெளுத்து, நீலமாகி, அப்புறம் சிவக்கும். நிக்கோட்டினும் அதே விரல் ரத்தக்குழாயைத்தான் சுருக்குது. விரல்ல புண்ணு வந்தாலோ மரத்துப் போய் அப்படியே இருந்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க.

இந்த மாத்திரை மாரடைப்பு கொடுக்குமான்னு அடுத்து கேப்பீங்க. 2011-ல அமெரிக்காவுல பெரியவங்களை வெச்சு நடந்த பெரிய ஆய்வுல மாத்திரையால மாரடைப்பு, பக்கவாதம் கூடினதா தெரியல. 2023-ல ஸ்வீடன்லேருந்து வந்த ஆய்வு, வருஷக்கணக்குல போடும்போது முக்கியமா பிபி நோய் வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடுதுன்னு சொல்லுது. ஆக மாத்திரையைப் பத்தி "கவனிச்சுக்கிட்டே இருக்கணும்"னு சொல்லலாம், சிகரெட்டைப் பத்தி அப்படி இழுக்க வேண்டிய தேவையே இல்ல, அது இதயத்தைக் கெடுக்குதுங்கறதுல யாருக்கும் சந்தேகம் கிடையாது. ரெண்டுல ஒண்ணை விடணும்னா எதைன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா?

அதனால சனி ஞாயிறு மாத்திரையை விடறது உங்க பிரச்சினைக்குத் தீர்வு இல்ல. லீவு நாள்ல மாத்திரை நிறுத்தறது சிலருக்கு டாக்டரே சொல்ற விஷயம்தான், ஆனா நீங்க அதைச் சிகரெட்டுக்கு இடம் விடறதுக்காகப் பண்ணப் பாக்குறீங்க. மாத்திரை இல்லாத நாள்ல மனசு ஒரு இடத்துல நிக்காது, அப்பவும் கை பாக்கெட்டுக்குத்தான் போகும்.

செய்ய வேண்டியது இது. மாத்திரை போட்டதுக்கு அப்புறம் வர்ற அந்த முதல் டீ-தம் இருக்கே, அதை உடைங்க. டீயை மேல பேன்ட்ரியில குடிங்க, கீழ இறங்காதீங்க, ஒரு வாரம் அதை மட்டும் பண்ணிப் பாருங்க. வீட்டுல பிபி மெஷின் இருந்தா அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்துட்டுப் பாத்து எழுதி வைங்க, அதுக்கு முன்னாடி அரை மணி நேரம் தம்மும் வேண்டாம் காபியும் வேண்டாம். கிளினிக்ல இது அடிக்கடி நடக்கும், கீழ டீக்கடையில ஒண்ணை இழுத்துட்டு நேரா மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து நாற்காலியில உக்காருவாங்க, நர்ஸ் பட்டையைக் கட்டினா 150-ஐத் தாண்டி நிக்கும், சட்டையில இருந்து வர்ற வாசனையே காரணத்தைச் சொல்லிடும், வெளிய பெஞ்சுல அரை மணி நேரம் உக்கார வெச்சு மறுபடி பார்த்தா பல பேருக்கு இறங்கியிருக்கும். அந்த முதல் நம்பரை நம்பி சீட்டு எழுதினா என்ன ஆகும் யோசிங்க.

நெஞ்சுல அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவுற வலி, மயக்கம், திடீர்னு மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் செயலிழக்கறதுன்னு எது வந்தாலும் கேஸ்னு சொல்லி சோடா குடிச்சுட்டு உக்காந்திருக்காம 108-ஐக் கூப்பிடுங்க, மாத்திரை போட்டதையும் சிகரெட் பிடிச்சதையும் ரெண்டையும் சொல்லுங்க. குடும்பத்துல சின்ன வயசுல யாராவது திடீர்னு இறந்திருந்தாலோ, உங்களுக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருந்தாலோ அதையும் இந்த வாரமே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, ஒரு ஈசிஜி எடுக்கச் சொல்வார்.

கேள்வி: சிகரெட்டை விட்டுட்டு வேப்புக்கு (இ-சிகரெட்) மாறிட்டா மாத்திரையோட பிரச்சினை இருக்காதுதானே? என் ரூம்மேட் கூல் லிப் (உதட்டுக்குள்ள வெக்கிற புகையிலைப் பை) வெக்கிறான், புகையே இல்லைங்கறான். – ஒரு மாணவர், கோயம்புத்தூர்

பதில்: வேப்பை 2019-லயே நாடு முழுக்கத் தடை பண்ணியாச்சு, அதனால உங்க கைக்கு வர்றது எங்க தயாரானது, உள்ள எவ்வளவு நிக்கோட்டின்னு விக்கிறவனுக்கே தெரியாது. கார்பன் மோனாக்சைடு இல்லேங்கறது வாஸ்தவம், ஆனா மாத்திரையோட சேர்ந்து துடிப்பையும் பிபியையும் ஏத்தறது நிக்கோட்டின்தானே, அது அப்படியே இருக்கு. சிகரெட் ஒரு இடத்துல முடியும், வேப் முடியாது, இழுத்துக்கிட்டே இருக்கலாம். கூல் லிப், ஹான்ஸ் எல்லாம் வாய் வழியா அதே நிக்கோட்டினை இன்னும் நிதானமா, ரொம்ப நேரம் ஏத்தும், வாய்ப் புற்றுநோய் தனிக்கணக்கு. ரூம்மேட்கிட்டயும் சொல்லிடுங்க.

கேள்வி: என் பையனுக்கு 19 வயசு, ஒன்பதாவது படிக்கும்போதிலிருந்து கவனக்குறைவுக்கு மாத்திரை போடுறான். இப்ப இன்ஜினியரிங் ஹாஸ்டல். லீவுக்கு வந்தப்போ துவைக்கப் போட்ட ஜீன்ஸ்ல லைட்டரும் ரெண்டு சிகரெட்டும் இருந்துச்சு. சின்ன வயசுலேருந்து இந்த மாத்திரையைக் கொடுத்ததாலதான் போதைப் பழக்கம் வந்துடுச்சுன்னு என் மாமியார் தினமும் குத்திக் காட்டறாங்க. நிறுத்திடலாமா டாக்டர்? – ஒரு தாய், திருச்சி

பதில்: அம்மா, உங்க மாமியார் சொல்றது நிறைய பேருக்கு இருக்கற சந்தேகம்தான், அதனால அவங்க மேல கோவப்பட வேண்டாம். ஆனா ஆய்வுகள் வேற மாதிரி சொல்லுது. 2014-ல பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்போ, ஏடிஹெச்டிக்கு மாத்திரை எடுத்தவங்க எடுக்காதவங்களை விடக் குறைவாத்தான் சிகரெட் பிடிச்சிருக்காங்க, அதுலயும் விட்டு விட்டு எடுக்காம தொடர்ந்து ஒழுங்கா எடுத்தவங்களுக்கு அந்த வித்தியாசம் இன்னும் நல்லாத் தெரிஞ்சுது. மேல சென்னைத் தம்பிக்கு மாத்திரை சிகரெட் ஆசையைக் கூட்டும்னு சொல்லிட்டு இங்க குறைக்கும்னு சொல்றீங்களேன்னு கேக்கலாம். அது மாத்திரை போட்ட சில மணி நேரத்துல நடக்கறது, இது வருஷக்கணக்குல நடக்கறது. யோசிக்காம சட்டுனு செய்யற குணம், போரடிச்சா எதையாவது தேடற குணம் ரெண்டும் மாத்திரையால அடங்கும்போது பழக்கத்துல விழற வாய்ப்பும் குறையுது, ரெண்டுமே உண்மைதான். அதனால திடீர்னு மாத்திரையை நிறுத்தாதீங்க, செமஸ்டர் நடுவுல நிறுத்தினா அரியர் விழும், அதுக்கு அப்புறம் சிகரெட் ரெண்டு பாக்கெட்டாகும்.

அவன்கிட்ட லைட்டரைத் தூக்கி மேசை மேல போட்டு விசாரணை நடத்தறதுல பிரயோஜனம் இல்ல. "பாத்துட்டேன்டா, மாத்திரையோட சேர்த்தா நெஞ்சு படபடக்குமாம், உனக்கு அப்படி இருக்கா"ன்னு கேளுங்க. உடம்பைப் பத்திக் கேட்டா பதில் வரும். அப்பா கேக்காம நீங்க கேக்கறதே நல்லதுன்னு தோணுது, ஆனா அது உங்க வீட்டு விஷயம், உங்களுக்குத்தான் தெரியும்.

நீங்க கேக்காத ஒண்ணையும் சொல்லிடறேன். ஹாஸ்டல்ல பரீட்சை நேரத்துல "மச்சான் ஒரு மாத்திரை கொடுடா, நைட்டு உக்காந்து படிக்கணும்"னு கேக்கற பசங்க இருப்பாங்க. மெத்தில்ஃபெனிடேட் 1985-ஆம் வருஷத்து போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குக் கீழ வர்ற மருந்து, மெடிக்கல்ல கூட டாக்டர் சீட்டு ரெண்டு காப்பி கேட்டு ஒண்ணை அவங்களே ரெண்டு வருஷம் வெச்சுக்கணும். நட்புக்காக ஒரு மாத்திரை கொடுத்தாலும் சட்டப்படி குற்றம். வாங்கிப் போடறவனுக்கு இதயக் கோளாறு இருக்கா, பிபி இருக்கான்னு யாருக்குத் தெரியும், முழிச்சிருக்கறதுக்காக மாத்திரையும் போட்டு விடிய விடிய தம்மும் காபியுமா இருந்தா அது அவன் உடம்போட விளையாடறது. மாத்திரை அட்டையை பூட்டி வைக்கச் சொல்லுங்க, மாசம் எத்தனை தீருதுன்னு நீங்களும் ஒரு கண்ணு வெச்சுக்குங்க.

கேள்வி: சிகரெட்டை விட்டு ஒரு வாரம் ஆகுது, பாராட்டணும் நீங்க! ஆனா அதே மாத்திரை, அதே டோஸ், இப்ப ஓவரா ஏறுற மாதிரி இருக்கு. கை நடுங்குது, தூக்கம் இல்ல, எரிச்சல். சிகரெட் மாத்திரையோட பவரைக் குறைச்சு வெச்சிருந்துச்சா? தினமும் நாலஞ்சு ஃபில்டர் காபி உண்டு, அதுல மாற்றம் இல்ல. – கும்பகோணத்துக்காரர், இப்ப பெங்களூரு

பதில்: பாராட்டுகள், முதல் வாரம்தான் இருக்கறதுலயே மோசம், அதைத் தாண்டிட்டீங்க.

குற்றவாளி மாத்திரை இல்ல சார், காபி. புகையில இருக்கற தார் சம்பந்தப்பட்ட ரசாயனங்கள் கல்லீரல்ல ஒரு என்சைமைத் தூண்டி விடும், சில மருந்துகளை அது வேகமா உடைச்சு வெளிய தள்ளும். மெத்தில்ஃபெனிடேட் அந்த என்சைம் வழியாப் போறதே இல்ல, வேற வழியில உடையுது, அதனால சிகரெட் அதோட பவரைக் குறைக்கவும் இல்ல, விட்டதால கூடவும் இல்ல. ஆனா கஃபீன் அந்த என்சைம் வழியாத்தான் உடையும். சிகரெட் பிடிச்ச காலத்துல உங்க உடம்பு காபியைச் சட்டுன்னு கரைச்சுடும், விட்ட சில நாள்ல அந்த வேகம் போயிடும், அதே அளவு காபி குடிச்சாலும் ரத்தத்துல கஃபீன் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காயிடும். அஞ்சு டம்ளர் குடிச்சா உடம்புக்கு அது பத்து டம்ளர். அதோட மாத்திரையும் சேர்ந்தா கை நடுங்காம என்ன செய்யும்.

காபியைப் பாதியாக் குறைங்க, மதியம் ரெண்டு மணிக்கு மேல வேண்டாம். கும்பகோணத்துக்காரர்கிட்ட போய் இதைச் சொல்றது பாவம்தான், டிகாஷனை இளசாப் போட்டுக்குங்க, டபராவைச் சின்னதா மாத்துங்க. எரிச்சலும் கவனம் சிதறறதும் சிகரெட் விட்டதால வர்றது, ரெண்டுலேருந்து நாலு வாரத்துல அடங்கும். இந்த நாள்கள்ல "ஏடிஹெச்டி முத்திப் போச்சு, டோஸ் கூட்டணும்"னு தோணும், ஒரு மாசம் பொறுங்க. வேற ஏதாவது மனநல மருந்து, முக்கியமா க்ளோசபைன், ஒலான்சபைன் யாராவது எடுத்தா மட்டும் கதை வேற, அதெல்லாம் இதே என்சைம் வழியாப் போறதால சிகரெட் விடும்போது அளவு ஏறும், விடறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லணும்.

கேள்வி: 34 வயசு, ரெண்டு பசங்க. ஏடிஹெச்டிக்கு மாத்திரை, கூடவே கருத்தடை மாத்திரையும் எடுக்கறேன். நாளைக்கு ஏழெட்டு சிகரெட் உண்டு. கைனகாலஜிஸ்ட் ஒரு சீட்டு, சைக்கியாட்ரிஸ்ட் ஒரு சீட்டு, ரெண்டு பேருக்கும் என் சிகரெட் விஷயம் தெரியாது, பொம்பளை தம் அடிக்கிறாளான்னு பாப்பாங்களே. – பெயர், ஊர் வேண்டாம்

பதில்: பாக்கட்டும், பாத்துட்டு பிபி பட்டையைக் கட்டட்டும், அதுதான் அவங்க வேலை. முகம் சுளிச்சாங்கன்னா டாக்டரை மாத்துங்க, விஷயத்தை மறைக்காதீங்க. இன்னைக்கு வந்த கேள்விகள்லயே என்னை ரொம்ப யோசிக்க வெச்சது உங்களோடதுதான்.

கருத்தடை மாத்திரையில ஈஸ்ட்ரோஜன் இருந்தா ரத்தம் கட்டுற வாய்ப்பு கூடும், சிகரெட்டும் அதையே செய்யும், ஏடிஹெச்டி மாத்திரை பிபியை ஏத்தும். வயசு 35 ஆயிட்டா உலக சுகாதார நிறுவனத்தோட வழிகாட்டுதல் தெளிவா இருக்கு: நாளைக்கு 15-ஓ அதுக்கு மேலயோ சிகரெட்னா ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை கூடவே கூடாது, 15-க்குக் குறைவுன்னாலும் பொதுவா வேண்டாம். உங்களுக்கு இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கு. காப்பர் டி இருக்கு, ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாத்திரை இருக்கு, கைனகாலஜிஸ்ட்கிட்ட சிகரெட்னு ஒரு வார்த்தை சொன்னாலே மாத்திடுவாங்க. ஒத்தைத் தலைவலி வந்து அதுக்கு முன்னாடி கண்ணுல மின்னல் மாதிரி தெரிஞ்சா இந்த மாசமே போங்க. ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ திடீர்னு பேச்சு குழறினாலோ அன்னைக்கே.

கேள்வி: சிகரெட்டை விடறதுக்குத் தர்ற நிக்கோட்டின் கம், பேட்ச் (தோல்ல ஒட்டுறது) எல்லாம் மாத்திரையோட சேர்த்துப் போடலாமா? அதுலயும் நிக்கோட்டின்தானே? – ஒரு வாசகர், சேலம்

பதில்: போடலாம், டாக்டருக்குத் தெரிஞ்சு போடணும். கம்ல நிக்கோட்டின் மெதுவா ஏறும், புகை மாதிரி சில விநாடியில மூளைக்குப் போய் அடிக்காது, கார்பன் மோனாக்சைடும் கிடையாது. 2010-ல அமெரிக்காவுல ஏடிஹெச்டி இருக்கற 255 பேருக்கு நிக்கோட்டின் பேட்சோட, பாதிப் பேருக்கு மெத்தில்ஃபெனிடேட்டும் பாதிப் பேருக்கு வெத்து மாத்திரையும் கொடுத்துப் பார்த்தாங்க. சிகரெட்டை விட்டவங்க ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு, 40 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. அதாவது மாத்திரை சிகரெட்டை விட வைக்கல, தடுக்கவும் இல்ல, கவனம் மட்டும் நல்லா இருந்துச்சு, துடிப்பும் பிபியும் கொஞ்சம் ஏறுச்சு. அதனாலதான் பிபி பாத்துக்கிட்டே பண்ணணும்னு சொல்றேன். பியூப்ரோபியான்னு ஒரு மாத்திரையும் சிகரெட் விடறதுக்குத் தருவாங்க, வலிப்பு வந்தவங்களுக்கு அது ஆகாது, அட்டோமாக்ஸெடின்னு இன்னொரு ஏடிஹெச்டி மருந்து எடுக்கறவங்களுக்கு அந்த மருந்தோட அளவை ரத்தத்துல ஏத்திடும், நண்பனோட சீட்டைக் காட்டி வாங்கிப் போடாதீங்க.

கம்மை சூயிங்கம் மாதிரி மென்னுக்கிட்டே இருக்கக் கூடாது, பாதி நிக்கோட்டின் வயித்துக்குப் போய் விக்கல்தான் வரும். நாலஞ்சு தடவை மெல்லுங்க, காரம் தெரிஞ்சதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வைங்க, காரம் போனதும் மறுபடி மெல்லுங்க, அரை மணி நேரம் இப்படியே. அதுக்குக் கால் மணி நேரம் முன்னாடி காபி, ஜூஸ் எதுவும் குடிக்காதீங்க, நிக்கோட்டின் உறிஞ்சாது. தனியா முடியலேன்னா சிகரெட் பாக்கெட்லயே அச்சடிச்சிருக்கற 1800-11-2356-க்குப் போன் பண்ணுங்க, காசு கிடையாது. போனை எடுக்கறவங்ககிட்ட மொதல்லயே "நான் ஏடிஹெச்டிக்கு மாத்திரை போடறேன்"னு சொல்லிடுங்க, மருந்து பேரு எழுதின அட்டையையும் கையில வெச்சுக்குங்க.